காயா மரம் சேலத்து வீட்டு வாசலில் வருமா?

#1 செட்டிச்சாவடி வீடு

வணக்கங்க. செட்டிச்சாவடி பக்கம் புதுசா வீடு கட்டிக் குடி வந்திருக்கோம். கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல, கிழக்குப் பார்த்து 8 அடிக்கு 10 அடி இடத்தை மரத்துக்குன்னே விட்டு வச்சிருக்கேன். நம்ம மண்ணுக்குச் சொந்தமான மரமா இருக்கணும், சின்னதா நிக்கணும், பூக்கணும். அவ்வளவுதான் ஆசை.

மனசுல ஒரு மரம் இருக்கு. ஏற்காட்டுல நாகலூர்ப் பக்கம் சொந்தக்காரங்க காப்பித் தோட்டத்து ஓரத்துல பார்த்தது. காயான்னு சொன்னாங்க. இலை தடிமனா, பளபளன்னு, எதிரெதிரா இருக்கு. பூ கிளை நுனியில வரல. இலைக்காம்பு இடுக்குலயும், இலையே இல்லாத பழைய கட்டையிலயும் குண்டூசித் தலை மாதிரி மொட்டு கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு, விரிஞ்சதெல்லாம் அடர் நீலம். பெருமாளைக் காயாம்பூ வண்ணன்னு பாடினது ஏன்னு அங்க நின்னு பார்த்தப்போ புரிஞ்சுது.

அதை இங்க வைக்கலாமா? ஏற்காடு குளுகுளுன்னு இருக்கு, சேலத்து வெயில்ல கருகிடும்னு வீட்டுல சொல்றாங்க. எங்க போர் தண்ணி உப்பு, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுது. மேட்டூர் தண்ணி வர்ற அன்னிக்குத்தான் நல்ல தண்ணி. மண் தோண்டினா ஒரு அடிக்குக் கீழ வெள்ளை வெள்ளையா கல்லு வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கொன்றைப்பூ

அக்கா, யோசிக்காம சரக்கொன்றை வைங்க. சித்திரையில இலையெல்லாம் கொட்டி மரம் முழுக்க மஞ்சச் சரம் தொங்கும். ஒரு தடவை பிடிச்சிட்டா தண்ணி கூடக் கேக்காது. எங்க தெருவுல 3 மரம் நிக்குது, எல்லாம் ஓடைக்கல் (சுண்ணாம்புக்கல்) மண்ணுதான். விதை ஓடு கல்லா இருக்கும், ஒரு முனையைச் சிமெண்ட் தரையில தேய்ச்சுட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சு நடுங்க. தேய்க்காம போட்டா வருஷம் ஆனாலும் முளைக்காது.

இன்னொரு சந்தோஷம். மஞ்சளும் வெள்ளையுமா பறக்குமே வண்ணத்துப்பூச்சி, அது கொன்றைக் கொழுந்துலதான் முட்டை வைக்கும். புழு இலையைத் தின்னும், தின்னட்டும். மருந்து அடிக்காதீங்க.

#3 செட்டிச்சாவடி வீடு

நன்றி தம்பி. கொன்றை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா இந்த இடத்துக்கு மேலதான் கம்பத்துலருந்து வீட்டுக்கு வர்ற கரண்ட் ஒயர் போகுது. கொன்றை அதைத் தாண்டிடாதா?

#4 நாகலூர் தோட்டம்

தாண்டும்ங்க. கொன்றை நல்ல மண்ணு கிடைச்சா 30 அடிக்கு மேல சாதாரணமா போகும். வருஷா வருஷம் தலையை வெட்டினா பூவும் போயிரும், மரம் பாக்கவும் பாவமா இருக்கும். ஒயருக்குக் கீழ அது வேண்டாம்.

காயாவைப் பத்திக் கேட்டிருக்கீங்க, எங்க ஊரு மரம், தெரிஞ்சதைச் சொல்றேன். எங்க தோட்டத்துல நிழலுக்கு சில்வர் ஓக்கும் பலாவும் நின்னாலும், வேலியோரம், பாறை இடுக்கு, ஓடைக்கரை எல்லாம் காயா தானா வந்து நிக்குது. யாரும் வச்சதில்ல. பறவை போட்டது. ஆனி, ஆடி வாக்குல பழம் கறுக்கும், சுண்டைக்காய் அளவு கூட இருக்காது, தலையில சின்னதா கிரீடம் வச்சாப்ல விளிம்பு இருக்கும். கொண்டைக்குருவிங்க விடியறதுக்குள்ள வந்திரும். சின்ன வயசுல நாங்களும் பறிச்சுத் தின்னிருக்கோம், வாயெல்லாம் ஊதாவாயிரும்.

வளர்க்கறதுல ரெண்டு விஷயம் முக்கியம். முதல்ல விதை. காஞ்ச விதை முளைக்காது. பழம் கீழ விழுந்த வாக்குல பொறுக்கி, சதையைக் கழுவி, அன்னிக்கே போடணும். டப்பாவுல வச்சு ஊருக்கு அனுப்பினா செத்துப் போச்சுன்னு அர்த்தம். இலைமக்கும் செம்மண்ணும் கலந்து நிழல்ல வச்சு, ஈரம் காயாம பாத்துக்கிட்டே இருக்கணும். முளைக்க மாசக்கணக்காகும். கிளறிப் பாக்காதீங்க, அதுலதான் நிறையப் பேருக்குப் போகுது.

அடுத்தது வேகம். இது நிதானமா வளர்ற மரம். முதல் ரெண்டு மூணு வருஷம் நட்டது நட்டபடியே நிக்கிற மாதிரி இருக்கும். கீழ வேர் இறங்கிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல யூரியாவைப் போட்டு உசுப்பினீங்கன்னா இலை பெருசாகும், அப்புறம் நுனி கருகும். உரமே வேண்டாம், தூரைச் சுத்தி இலைதழை மூடாக்கு போதும். அவசரப்படறவங்களுக்கு இந்த மரம் ஆகாதுங்க. பொறுமை இருந்தா பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும். கட்டை அவ்வளவு கெட்டி, அருவா எகிறும்.

சேலத்து வெயில் தாங்குமான்னு எனக்கு நேரடி அனுபவம் இல்லை. கீழ இருக்கறவங்க சொல்லட்டும்.

#5 குகை ஏரியா

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பெருங்கள்ளி வைங்க. அதான் கோயில்ல எல்லாம் இருக்குமே, வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள். கிளையை ஒடிச்சு நட்டாலே வரும். உப்புத் தண்ணி, கல்லு மண்ணு எதுவும் பிரச்சினையில்ல. ஒயருக்குக் கீழயே நிக்கும். நம்ம ஊரு மரம், வெளியூரு மரம்னு பிரிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்லை. நூறு வருஷத்துக்கு மேல இங்கயே இருந்தா அதுவும் நம்ம மரம்தான்.

#6 தாவரவியல் வாத்தியார்

குகை ஏரியா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பெருங்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இன்று அது நம் கோயில் நந்தவனத்தில் வேரூன்றிவிட்டது, அதை வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு மரம் வைக்கப் போகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி வேறு: அந்த மரத்தை நம்பி யார் வாழ்கிறார்கள்? பெருங்கள்ளிப் பூவில் மணம் உண்டு, தேன் கிடையாது. மணத்தை நம்பி வரும் அந்துப்பூச்சி ஏமாந்து திரும்பும். பழமும் பறவைக்கு உதவாது. காயாவில் தேனீ வரும், பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். ஒரு வீட்டு வாசலில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் இந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏற்காட்டு வீதிகளில் ஜக்கராண்டா நீலமாகப் பூக்கும்போது எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அதுவும் தென் அமெரிக்க மரம். அந்த மலையின் சொந்த நீலம் சாலையோரப் புதரில் கவனிப்பார் இல்லாமல் நிற்கிறது.

இனி சகோதரியின் கேள்வி. வெயிலைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். காயா மலைக்கு மட்டும் உரிய மரம் அல்ல. மரக்காணம் அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய வெக்கையில் காயா அங்கே அடர்ந்து நிற்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இந்த உயர வித்தியாசம் காயாவைக் கொல்லாது.

கொல்லக்கூடியது நீங்கள் கடைசி வரியில் எழுதிய விஷயம்: வெள்ளைக்கல்லும் உப்புத் தண்ணீரும். செட்டிச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம் வட்டாரம் முழுக்க மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் ஓடும் பூமி. அந்தக் கல் உருவான தாய்ப்பாறையில் மக்னீசியம் மிக அதிகம், கால்சியம் குறைவு. பல செடிகளுக்கு அந்தச் சமன்குலைவே போதும், சுணங்கிவிடும். மேலும் மண் காரத்தன்மைக்குப் போனால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மேலே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கதை நேர் எதிர். உச்சியில் பாக்சைட் இருக்கிறது, அதாவது அலுமினியத் தாது. புளிப்புத் தன்மையுள்ள செம்மண். காயா அந்த அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் மரம். சோழமண்டலக் கரையில் சாயவேர் போட்டுத் துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்கள் காயா இலையையும் சேர்த்தது சாயம் பிடிப்பதற்காகத்தான், படிகாரம் செய்யும் வேலையை அந்த இலை செய்தது. நெசவு ஊர்க்காரர்களான நமக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். ஆக 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு வேறு உலகம். மரம் ஒன்றில் பழகியது, உங்கள் மண் மற்றது.

#7 செட்டிச்சாவடி வீடு

ஐயா, ரொம்ப நன்றி. இத்தனை நாளா வெயிலைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், மண்ணை யோசிக்கவே இல்லை. அப்போ எங்க மண்ணு எப்படின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எலுமிச்சைச் சாறு ஊத்தினா நுரைக்கும்னு படிச்சிருக்கேன். ஊத்திப் பார்த்தேன், நுரைக்கலை.

#8 தாவரவியல் வாத்தியார்

அம்மா, அந்தச் சோதனை சுண்ணாம்புக்கு. ஓடைக்கல் இருந்தால் புளிப்பு பட்டதும் பொரியும். மேக்னசைட் அப்படிப் பொரியாது, குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அது லேசில் அசையாது. ஆகவே நுரைக்கவில்லை என்பதால் மண் நல்ல மண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள், அல்லது சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துப் போகாதீர்கள். மரத்துக்குப் பார்ப்பதால் ஒரு அடி ஆழத்தில் ஒன்று, மூன்றடியில் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள். கார அமில நிலை (pH), உப்பின் அளவு, கால்சியம், மக்னீசியம் இவ்வளவும் தெரிந்துகொண்டு மரத்தைத் தேர்ந்தெடுப்போம்.

#9 மாடித்தோட்டம் அழகாபுரம்

நானும் இதே கேள்வியோட வந்தேன். எனக்கு நிலமே இல்லை, மொட்டை மாடிதான். காயாவைத் தொட்டியில வளர்க்கலாமா?

#10 நாகலூர் தோட்டம்

தாராளமா வளர்க்கலாம். நிதானமா வளர்றதே தொட்டிக்கு வசதிதான். போன்சாய் பண்றவங்க இதைத் தேடி வர்றாங்க. 2 அடி அகலத் தொட்டி, அடியில தண்ணி தேங்காத மாதிரி ஓட்டை பெருசா இருக்கட்டும். மாடியில நேர் வெயில்ல முதல் கோடைக்கு மட்டும் நிழலுக்குப் பச்சை வலை கட்டுங்க. செதில் பூச்சி வரும், இலைக்கு அடியில பழுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். எறும்பு ஏறுதுன்னா அங்க பாருங்க. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடிங்க.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஏற்காட்டுக்குச் சுத்திப் பாக்க வர்றவங்க கொண்டை ஊசி வளைவுகள்ல காரை நிறுத்திட்டு, ஓரத்துல இருக்கிற நாத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போறாங்க. அது காப்புக்காடு. வனச் சட்டப்படி குத்தம். சட்டத்தை விடுங்க, காயா நாத்து ஆணி வேரைப் பாறைக்குள்ள விட்டிருக்கும், பிடுங்கினா 10ல ஒண்ணு பிழைக்கறதே கஷ்டம். மலைக்கும் இல்லாம உங்களுக்கும் இல்லாம போகுது. பட்டா தோட்டக்காரங்ககிட்ட கேட்டா விழுந்த பழம் தருவாங்க, நானே தர்றேன்.

#11 கஞ்சமலை

இளம்பிள்ளைப் பக்கத்துலருந்து எழுதறேன். விவசாயி. வாத்தியார் ஐயா சொன்னதுக்கு என் பங்குக்கு ஒண்ணு. ஒரு இடத்துல என்ன மரம் வரும்னு தெரியணும்னா நர்சரிக்குப் போகாதீங்க, பக்கத்துக் கரட்டுக்கு, அதான் சின்னக் குன்றுக்குப் போங்க. ஆடு கடிச்சும், வெயில் அடிச்சும், யாரும் தண்ணி ஊத்தாமலும் எது நிக்குதோ அது உங்க வீட்டுலயும் நிக்கும்.

எங்க கரட்டுல அப்படி நிக்கறது வெட்பாலை, உசில், ஆத்தி. பூவுக்குன்னு பாத்தா வெட்பாலை மாதிரி வராது. கோடை ஆரம்பத்துல புது இலையோட வெள்ளைப் பூ கொத்துக் கொத்தா விரியும், ராத்திரி காத்துல வாசம் வீட்டுக்குள்ள வரும். காய் பாக்கவே அழகு. ரெண்டு ரெண்டா, முழ நீளத்துக்குத் தொங்கும், ரெண்டோட நுனியும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். பழுத்தா பிரிஞ்சு பஞ்சோட விதை பறக்கும். பறக்கறதுக்கு முந்தி, காய் பழுப்பாகறப்போ பறிச்சுத் துணிப்பையில போட்டுக் கட்டிருங்க. விதை நட்டா பத்து பதினைஞ்சு நாள்ல வந்திரும். வெட்டினாலும் தூர்ல துளிர்க்கும், ஒயருக்குக் கீழ உயரத்தை அடக்கி வச்சுக்கலாம். இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வச்சா எண்ணெய் ஊதாவா மாறும், தோல் அரிப்புக்குச் சித்த வைத்தியத்துல குடுக்கறது அதான். அந்தக் காலத்துல இதே இலையில நீலச் சாயமும் எடுத்திருக்காங்க.

உப்புத் தண்ணி, சுண்ணாம்பு மண்ணு ரெண்டுலயும் எங்க வரப்புல நல்லாவே இருக்கு. என் ஓட்டு வெட்பாலைக்கு.

#12 செட்டிச்சாவடி வீடு

வெட்பாலை பத்திப் படிக்கப் படிக்க ஆசையா இருந்துச்சு. வீட்டுல சொன்னேன். மாமியார் ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டாங்க. பால் வடியற மரம் வீட்டு வாசல்ல ஆகாதாம். அவங்க மனசு நோக நான் வைக்க மாட்டேன்.

#13 குகை ஏரியா

அப்போ நான் சொன்ன பெருங்கள்ளியும் பால் மரம்தான், அதுவும் போச்சு. சரிங்க, வாத்தியார் ஐயா கேட்ட கேள்வி எனக்கு உறைச்சது. தேன் இல்லாத பூங்கறது எனக்குத் தெரியாத விஷயம். எங்க வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, எங்க வீட்டுல பால் மரத்துக்குத் தடை சொல்ல ஆளில்லை. கஞ்சமலை அண்ணே, வெட்பாலைக் காய் கிடைக்குமா?

#14 கஞ்சமலை

கிடைக்கும் தம்பி, காய் முத்தட்டும், தனிச்செய்தியில சொல்றேன். நடறப்போ சுவத்துலருந்து 6 அடி தள்ளி வைங்க.

அக்காவுக்கு: மாமியார் சொல்றதைத் தட்ட வேண்டாம். எங்க அம்மாவும் அதையேதான் சொல்வாங்க. அதனாலதான் வெட்பாலை எங்க வரப்புல நிக்குது, வாசல்ல நிக்கறது ஆத்தி. ஆத்தி வைங்க. மந்தாரையோட பங்காளி அது, ஆனா இலை சின்னது, பாதியா பிளந்து மாட்டுக் குளம்பாட்டம் இருக்கும். கிளை எல்லாம் கீழ வளைஞ்சு தொங்கும். கோடையில வெளிறின மஞ்சள்ல பூ சரமா வரும். பெருசா போகாது, ஒயரைத் தொடாது. சோழ ராஜா மாலைக்கு வச்சிருந்த பூ. சிவன் கோயில்ல ஸ்தல விருட்சமா இருக்கிற மரம், மாமியாருக்கும் சந்தோஷமா இருக்கும்.

ஆனா வாங்கறப்போ ஜாக்கிரதை. நர்சரியில ஆத்தின்னு கேட்டு அத்தியை வாங்கிட்டு வந்தவங்க எனக்குத் தெரிஞ்சே உண்டு. அத்தி வேர் காம்பவுண்டையும் சம்ப்பையும் பிளந்துரும். இலை ரெண்டா பிளந்திருக்கான்னு பாத்து வாங்குங்க. விதை கிடைச்சா கொதிச்ச தண்ணியை இறக்கி வச்சு, அதுல விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில நடுங்க.

#15 செட்டிச்சாவடி வீடு

ஆத்தின்னதும் மாமியார் முகம் மலர்ந்துடுச்சு! அவங்க பிறந்த ஊரு கோயில்லயும் இருக்காம்.

மண் பரிசோதனை முடிவும் வந்துடுச்சுங்க ஐயா. கார நிலை மேல் மண்ணுல 8.1, மூணடியில 8.6. மக்னீசியம் கால்சியத்தை விட அதிகம்னு போட்டிருக்காங்க. தண்ணியிலயும் உப்பு கூடத்தான்.

கடைசியா ஒரு ஆசை. ஒரு டிராக்டர் செம்மண்ணு அடிச்சு, 3 அடிக் குழியை முழுக்க மாத்திட்டு அதுல காயா வைக்கலாமா? ஆத்தியை வேற பக்கம் வச்சுக்கறேன்.

#16 தாவரவியல் வாத்தியார்

வேண்டாம் அம்மா. குழியை மாற்றலாம், வேர் குழிக்குள்ளேயே நிற்காது. முதல் சில வருஷம் செழிப்பாக இருக்கும். குழியின் விளிம்பைத் தாண்டி வேர் வெள்ளைக்கல் மண்ணைத் தொடும்போது மஞ்சளாக ஆரம்பிக்கும். அதற்குள் நீங்கள் அந்த மரத்தின் மேல் உயிரையே வைத்திருப்பீர்கள். மேலும் ஊற்றும் தண்ணீரே உப்பு என்பதால் செம்மண்ணும் மெல்ல மெல்லக் காரமாகிவிடும். செலவு செய்து தள்ளிப்போட்ட தோல்விதான் அது.

8.6 என்பது ஆத்திக்கும் சுகமான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கஞ்சமலைக்காரர் சொன்ன வழி சரியான வழி: உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள கரட்டில் ஆத்தி நிற்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். நின்றால் அந்த மரத்தின் விதையையே வாங்கி நடுங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் தப்பித்த விதை அது, வேறு ஊர் நர்சரிச் செடியைவிட உங்களுக்கு உகந்தது. குழியில் 2 கிலோ ஜிப்சம் கலந்து, நன்றாகத் தண்ணீர் விட்டு இறங்கவிட்டுப் பிறகு நடுங்கள். மண்ணில் குறைவாக உள்ள கால்சியத்தை அது கொடுக்கும். சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள், காரம் இன்னும் ஏறும். இலை மஞ்சளானால் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து உடனே இலையில் தெளிக்க வேண்டும். கரைசல் பழுப்பானால் கொட்டிவிடுங்கள், பலன் இருக்காது. மண்ணில் போட்டாலும் காரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் இலை வழியாகக் கொடுக்கிறோம்.

காயா ஆசையை விட வேண்டியதில்லை. அதைத் தொட்டியில் வையுங்கள், மேலே நாகலூர்க்காரர் சொன்னபடி. மண்ணும் தண்ணீரும் நம் கையில் இருக்கும். தண்ணீருக்கு மழை இருக்கிறது. புது வீடு என்கிறீர்கள், மழைநீர் சேகரிப்பு கட்டாயம் வைத்திருப்பீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஒரு தொட்டிச் செடிக்கு அது எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தரைக்குள் விடுவதற்கு முன் ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்ற வேண்டாம், அதில் சோடியம் ஏறியிருக்கும்.

#17 மாடித்தோட்டம் அழகாபுரம்

இந்த இழையைப் படிச்சிட்டு, ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தோட்டத்துக்குப் போய்ட்டு வந்தேன். ஆர்க்கிட், குடுவைச் செடி பாக்கத்தான் எல்லாரும் போறாங்க. சேர்வராயன் மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இயற்கையா இல்லாத வெர்னோனியா சேர்வராயென்சிஸ்னு ஒரு சின்ன மரமே இருக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். சாமந்திக் குடும்பத்துல மரமாம்! வாத்தியார் ஐயா, இதையும் வீட்டுல வளர்க்கலாமா?

#18 தாவரவியல் வாத்தியார்

தயவுசெய்து வேண்டாம். மிக அரிய மரம் அது. ஒவ்வொரு விதையும் அந்த மலைக்குத் தேவை. வளர்த்துப் பெருக்க வேண்டியது அதற்கென்று உள்ள தோட்டங்களின் வேலை. வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் காயா, ஆத்தி, வெட்பாலை மாதிரி நிறைய விதை விடும் மரங்களை எடுங்கள்.

#19 கொன்றைப்பூ

அக்கா எடுத்த முடிவு சரியா இருக்கு. ஆனா ஒயர் இல்லாத இடம் வச்சிருக்கறவங்க யாராவது படிச்சா கொன்றையை மறந்துடாதீங்க.

#20 நாகலூர் தோட்டம்

செட்டிச்சாவடி அக்கா, தொட்டிக்கு மண்ணை மலையிலருந்து எடுத்துட்டு வராதீங்க, அதுக்கும் அனுமதி வேணும். கீழ கிடைக்கிற செம்மண்ணுல கார நிலை 7க்குள்ள இருக்கான்னு பாத்துக்கிட்டு, பாதிக்குப் பாதி மக்கின இலையைக் கலந்தா போதும்.

இப்ப காயாவுல பச்சைக் காய் பிடிச்சிருக்கு. இந்தத் தடவை காட்டெருமைக் கூட்டம் வேலியைச் சாய்ச்சுட்டு உள்ள வந்து கீழ்க் கிளையெல்லாம் ஒடிச்சுட்டுப் போயிருச்சு, ஆனாலும் மேல் கிளையில நிறைய நிக்குது. பழம் கறுத்ததும் இங்க ஒரு வரி போடறேன். அன்னிக்கே வந்து வாங்கிக்கணும், தபால்ல அனுப்ப மாட்டேன். ஈரத் தேங்காய்நார் போட்ட டப்பா ஒண்ணு கையோட எடுத்துட்டு வாங்க. மூணு பேருக்கு மேல வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, குருவிக்கு மிச்சம் வச்சிட்டுத்தான் பறிப்பேன்.

#21 செட்டிச்சாவடி வீடு

நான் ஒருத்தி. டப்பா தயாரா வச்சுக்கறேன் அண்ணா. பக்கத்துக் கரட்டுல நேத்து சாயங்காலம் நானும் மாமியாரும் போய்ப் பார்த்தோம், ஆத்தி 2 மரம் நிக்குது, காய் காஞ்சு கீழ கிடக்குது. ஊர்ப் பெரியவர்கிட்ட கேட்டுட்டு ஒரு கைப்பிடி எடுத்துட்டு வந்தோம். ஜிப்சம் வாங்கியாச்சு, குழி நாளைக்கு எடுக்கறாங்க.

#22 மாடித்தோட்டம் அழகாபுரம்

விதைக்கு எனக்கும் ஒரு இடம் போடுங்க அண்ணா. பச்சை வலை 50 சதவீதமா, 75 சதவீதமா?

#23 நாகலூர் தோட்டம்

50 போதும்ங்க. மழை தொடங்கினதும் கழட்டிடுங்க.